யன்னல் திரை

"இஞ்சேருங்கோ, யன்னல் திரையை மூடிவிடுங்கோ. குளிர் எலும்புக்குள்ள இறங்குது."

அன்று காலையில் இராசேஸ்வரி இதைச் சொல்வது நான்காவது தடவை. கட்டிலும் அடுப்பும் வைத்த சுற்றுலா வானை வாடகைக்குப் பிடித்து, கிளிநொச்சி ஸ்கந்தபுரத்திலிருந்து நுவரெலியா வரை வந்தாயிற்று. அவளோ வாவியையும் பார்க்கவில்லை, பூங்காவிலும் இறங்கவில்லை.

"பென்சன்காரன் ஆசையாக் கூட்டிக்கொண்டு வந்தா, நீ அடைகாக்கிற கோழி மாதிரி இருக்கிறாய்," என்று சிரித்தார் ஏரம்பு. வானை அவரே ஓட்டினார். "ராத்திரியும் நித்திரையில வாய் ஓயேல்லை."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "என்ன கதைச்சனான்?"

"ஆர் கண்டது? கலியாணம் கட்டின நாள் தொட்டு இதே பாட்டுத்தானே."

குளிர் அவளுக்குப் புதிதல்ல. இந்த மலையில்தான் அவள் பிறந்தாள். அப்போது அவள் பெயர் ராக்காயி.

எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து லயன் வீடுகள் எரிந்தபோது, ஓடுகிற கூட்டத்தில் அக்காவின் கையை விட்டவள் அவள். பதினான்கு வயது. யாரோ ஏற்றிய லொறி வவுனியாவில் இறக்கிவிட்டது. பிறகு வயல் வேலை, பிறகு ஏரம்பு. ஊர் கேட்டவர்களுக்குத் திருகோணமலை என்றாள், பெயர் கேட்டவர்களுக்கு இராசேஸ்வரி என்றாள். பிறப்புப் பத்திரம் கேட்டால் எரிந்துபோச்சு. வன்னியில் அதற்குமேல் யார் கேட்பார்கள்?

பொய் சொல்லக் காரணம் இருந்தது. வயலுக்கு வந்த மலையகப் பெண்களுக்கு மாமியார் தேத்தண்ணியைத் தேங்காய்ச் சிரட்டையில்தான் ஊற்றிக் கொடுப்பார். தான் மட்டும் பித்தளை மூக்குப்பேணியில் குடிப்பார். "தோட்டக்காட்டுச் சனம். முற்றத்தோட நிக்கட்டும்." பக்கத்தில் நின்ற ஏரம்பு ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மாமியார் செத்து இருபது வருடம். அந்தச் சிரட்டை இன்னும் அவள் கண்ணுக்குள் நிற்கிறது.

வான் தார் ரோட்டை விட்டுத் திரும்பியது.

"எங்க போறம்?"

"சும்மா தேயிலை பாப்பம். இறங்கு, கொஞ்சம் காலை நீட்டு."

வேறு வழியில்லாமல் இறங்கினாள். இறங்கியதும் தெரிந்துவிட்டது. அதே மாரியம்மன் கோயில், அதே கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அவள் பிறந்த தோட்டம். நாற்பத்தைந்து வருடம் கழித்தும் கை தன்பாட்டில் செடிக்குப் போய், இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, முதுகில் இல்லாத கூடைக்குள் எறிந்தது.

திரும்பினாள். ஏரம்பு பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஏலாது. வீட்ட போவம்!" வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் ஏறவில்லை. திரை இடுக்கால் பார்த்தாள். லயன் பக்கம் போனவர் ஒரு கிழவியுடன் திரும்பி வந்தார். கையில் தடி, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. விறகு வெட்டும்போது இவள் கை தவறிப் பட்ட வெட்டு.

சுப்பம்மா அக்கா. உயிரோடு இருக்கிறாள்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். ஓடினால் நாற்பது வருடக் குடும்பம் ஒரு நொடியில் போய்விடும். சத்தம் வராமலிருக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதாள். வெளியே அக்கா வானைக் காட்டி ஏதோ கேட்டாள். ஏரம்பு தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார்.

எல்லாம் முடிந்துவிட்டது. கட்டிலில் விழுந்து போர்வையைத் தலைவரை இழுத்தாள். அம்மாளாச்சி, அவள் என்னைக் கேளாமல் போகட்டும். என்னைப் பெத்த தாயே, அவள் போகாமலும் இருக்கட்டும்.

கதவு திறந்தது. தடி ஊன்றும் சத்தம் படியில் ஏறி வந்தது. அடுப்புப் பற்றியது, தண்ணீர் கொதித்தது. மூச்சு முட்டிப்போய் அவள் போர்வையை ஒரு விரல் அளவுக்கு விலக்கிப் பார்த்தாள்.

அக்கா கதிரையில் இருந்தாள். அவள் கையில் மாமியாரின் மூக்குப்பேணி; அதை அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது இவளுக்குத் தெரியாது. ஏரம்பு அதற்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு கட்டில் பக்கம் திரும்பினார்.

"எழும்பு ராக்காயி, நீ நித்திரையில பேரும் தோட்டமும் சொல்லிக் கூப்பிடுற அக்கா வந்திருக்கிறா."