அண்ணனுக்கு அமெரிக்கப் பாடம்

"அமெரிக்கக் குடிமகன் ஆகும்போது என்ன சத்தியம் பண்ணணும்?" என்று போனில் அதட்டினாள் டெல்பின். மற்ற நாட்டு விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்பதுதான் பதில். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் கிளிஃபர்ட் வழக்கம்போல் தப்பாகச் சொன்னான்.

அடுத்த வாரம் அங்கே குடியுரிமைத் தேர்வு. அதிகாரி எதிரில் உட்கார்ந்து வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். இவனோ உள்நாட்டுப் போர் எதற்கு நடந்தது என்றால்கூட சொதப்புகிறான். பள்ளியில் சரித்திரத்தில் முதல் மார்க் வாங்கியவன்! மூளை துருப்பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். சாந்தோமில் சரித்திர டீச்சர், விடுவாளா?

பாடம் முடிந்ததும் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பக்கவாதம் வந்ததிலிருந்து எல்லாம் அவள் தலையில்தான். ஒத்தாசைக்கு வரும் வேலைக்காரி தேவானை, அப்பாவை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே கேட்டாள், "அவரு பாஸாவக் கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கினு, நீயே பாடமும் நடத்திக்கினு கீறியே. இன்னா நியாயம்மா இது?"

டெல்பின் அப்பாவின் முதுகுக்குத் தலையணையை அண்டக்கொடுத்தாள். தேறாவிட்டால் சென்னைக்கே வந்துவிடலாம் என்று அண்ணி ஜூலியட் சொல்லியிருந்தாள். அண்ணன் வந்தால் போதும்; ஒற்றை ஆளாய் அல்லாடி இவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. நாலு பதிலைத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கலாம்தான். முயன்றும் பார்த்தாள். பாழாய்ப்போன டீச்சர் வாய், சரியானதையே சொல்லித் தொலைத்தது. தவிர, அவன் ஆசையில் மண்ணைப் போட இவள் யார்?

தேர்வு முடிந்ததும் கிளிஃபர்ட் கூப்பிட்டான். கேட்ட அத்தனை கேள்விக்கும் சரியான பதிலாம். அண்ணி கேக் வாங்கப் போயிருக்கிறாளாம். இனி அங்கேயே சொந்த வீடு பார்க்கப் போகிறார்களாம்.

டெல்பின் அழுகையை அடக்கிக்கொண்டு, "சந்தோஷம்ண்ணா. நீ ஆசைப்பட்ட மாதிரியே ஆயிடுச்சு" என்றாள்.

கிளிஃபர்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஊருக்குப் போயிடலாம்னு ஜூலியட்கிட்ட நேரா சொல்ல எனக்கு தைரியமில்ல, டெல்பின். எல்லாத்தையும் தப்பா சொல்லிட்டு வந்துடணும்னுதான் உள்ள போனேன்" என்றான். "நீ மனப்பாடம் பண்ண வெச்சதுதான் வாயில வந்துச்சு."