அறுபது ஹெர்ட்ஸ்

நிலாச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் கணவர் சூசையோடு பேசும்போது ஜெசிந்தா திரையை 480 ஹெர்ட்ஸில்தான், அதாவது நொடிக்கு 480 படங்களில், வைப்பாள். அங்கிருந்து வந்து சேராத படங்களைத் திரையே சீராக வரைந்து நிரப்பிவிடும். அவர் முகம் தெளிவாகச் சிரிக்கும்.

அன்று திரையில் சார்ஜ் குறைவாக இருந்ததால் அறுபதுக்குக் குறைத்தாள். வந்த படங்கள் மட்டும் விட்டுவிட்டுத் தெரிந்தன. சூசை தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் அது நடுங்கியது.

"ஏங்க, எப்பயிருந்து கை இப்பிடி நடுங்குது?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டு வருசமா. நீ நானூத்தி எம்பதுலதான வைப்ப, அதுல நடுக்கம் தெரியாதுன்னு இருந்துட்டேன்."

வாசலில் பள்ளி வேன் நின்றது. ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை மறுபடி 480க்கு ஏற்றினாள்.

பிள்ளைகள் ஓடி வந்தபோது அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.