மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க

"பேசாம மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. அவருக்கு இது அரை நிமிஷ வேலை."

வாசலில் மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து, கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவரிடம் கதவில் சாய்ந்தபடி சொன்னாள் மனைவி.

ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நாளை விடிகாலை ஐந்து மணிக்கு அவரும் மூன்று நண்பர்களும் ஆளுக்கொரு வண்டியில் மலைக்குக் கிளம்புகிறார்கள். இருநூறு கிலோமீட்டர், முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. சர்வீஸ் முழுக்கப் பேசியே ஒத்திப்போட்ட பயணம். வண்டியோ முனகக்கூட மாட்டேன் என்கிறது.

"மூணு மாசம் சும்மா நின்ன வண்டி. கார்புரேட்டர் அடைச்சிருக்கு. அதைக் கழட்டிக் கழுவி மாட்ட எனக்குத் தெரியாதா?"

"மூணு மாசம் ஏன் சும்மா நின்னுச்சு? உங்க இடுப்புல டிஸ்க் நழுவியிருக்கு, வண்டியைத் தொடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு."

"அவன் நேத்துப் பையன்."

"சரி, கூட வர்றவங்களைப் பாருங்க. டிராயிங் மாஸ்டருக்கு முட்டி ஆபரேஷன். மருந்துக்கடைக்காரருக்குக் கண் ஆபரேஷன். போஸ்ட்மாஸ்டருக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட். நாலு பேரையும் பிரிச்சு நல்ல பார்ட்ஸா எடுத்து மாட்டினா, ஒரு முழு ஆள் தேறலாம்."

"போற நேரத்துல வாயை வைக்காதே."

"நான் ஏன் வைக்கிறேன்? சொல்லிப் பார்த்தேன், கேக்கலை. போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, சுத்தமாவாவது போகட்டும்னு காலைல நானே வண்டியைத் துடைச்சு வெச்சேன். இப்ப தெருமுனை மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போங்க, போதும்."

ஹெட்கிளார்க் யோசித்தார். உண்மையில் அவருடைய கை தள்ளுவதற்காகக் கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. ஆனால், சொன்னது யார்? முப்பத்தொரு வருஷத்தில் அவள் சொல்லி அவர் ஒரு காரியம் செய்ததில்லை. வெள்ளை அடிக்கச் சொன்னால் பச்சை அடிப்பார். குடை எடுத்துப் போகச் சொன்னால், தலையில் இருக்கும் தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டுப் போவார். அதுதான் குடும்பத் தலைவனுக்கு லட்சணம் என்பது அவர் கட்சி.

"நானே பிரிக்கறேன்."

"மிக்ஸியையும் இப்படித்தான் பிரிச்சீங்க. பரண் மேல பையில கிடக்கு."

"அது கம்பெனி கோளாறு."

"மெக்கானிக்கிட்ட போங்கன்னு நாலாவது தடவையா சொல்றேன். உங்களால முடியாதுங்க."

அவ்வளவுதான். பழைய செய்தித்தாள் விரிந்தது. ஸ்பானர் பை வந்தது. போனில் வீடியோ ஓடியது. அதில் ஒருவன் நாலு நிமிடத்தில் கழற்றி, கழுவி, மாட்டி, வண்டியைக் கிளப்பியும் விட்டான். நம்மவருக்குக் கழற்றவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பித்தளை ஜெட், ஊசி, மிதவை எல்லாவற்றையும் எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"காபி வேணுமா?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி. "இல்ல, இதையெல்லாம் அப்படியே பையில அள்ளிக்கிட்டு மெக்கானிக்கிட்ட..."

"உள்ள போ."

சொன்ன வேகத்தில் விரல் வழுக்கியது. ஸ்பிரிங் ஒன்று துள்ளி, படியில் பட்டு, சாக்கடைக்குள் மறைந்தது. பழைய மாடல் வண்டி. உதிரிப் பாகம் வெளியூரிலிருந்து வரவே ஒரு வாரம் ஆகும். ஹெட்கிளார்க் சாக்கடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. டிராயிங் மாஸ்டர்.

"டேய், தப்பா நினைக்காதே. என் வண்டி ஸ்டார்ட் ஆகலடா. பயணத்தை அடுத்த மாசம் வெச்சுக்கலாமா?"

ஹெட்கிளார்க்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "உனக்காக வேணா தள்ளி வைக்கலாம். மெக்கானிக்கிட்ட காட்டினியா?"

"வீட்டுக்காரி அதைத்தான் சொன்னா. அவ சொல்லி நான் போறதா? நானே கார்புரேட்டரைப் பிரிச்சுட்டேன். திரும்ப மாட்டத்தான் வரலை."

"ஆம்பளைன்னா அப்படித்தான் இருக்கணும்," என்று மனைவியின் காதில் விழும்படி சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார் ஹெட்கிளார்க். பழி டிராயிங் மாஸ்டர் தலையில் விழுந்ததில் உடனே தூக்கமும் வந்தது.

குறட்டை கேட்டதும் மனைவி வாசலுக்கு வந்தாள். காலையில் துடைக்கும்போது 'ஆஃப்' பக்கம் தள்ளி வைத்திருந்த, கைப்பிடியில் இருக்கும், எஞ்சினை நிறுத்தும் சிவப்பு சுவிட்சை மறுபடி 'ஆன்' பக்கம் தள்ளினாள். பிறகு போனை எடுத்தாள்.

"மாஸ்டர் வீட்டம்மாவா? இங்கயும் முடிஞ்சுது. மருந்துக்கடை வீட்டுலயும் பிரிச்சாச்சாம். போஸ்ட்மாஸ்டர்தான் வண்டியைத் தள்ளிக்கிட்டு மெக்கானிக்கிட்ட கிளம்பறாராம். ஓடிப்போய் அவங்க வீட்டம்மாவை, 'சீக்கிரம் போங்க'ன்னு சொல்லச் சொல்லுங்க."