மீன்தானே

அந்தச் சின்னப் போர்க்கப்பல் தன் கடைசி ரோந்தை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. மறுநாள் கொடியை இறக்கி, உடைக்க அனுப்பிவிடுவார்கள். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் முன் பத்தொன்பது வருடங்களாக உட்கார்ந்திருந்த சவரிராயனின் காதில் ஓர் எதிரொலி விழுந்தது. கப்பல் திசை திரும்பியபோது அதுவும் திரும்பியது. கப்பல் வேகத்தைக் குறைத்தபோது அதுவும் குறைத்தது.

“என்ன சவரி, மீன்தானே?” மேல்தளத்திலிருந்து இன்டர்காமில் கேப்டன் கேட்டார்.

அவர் இப்படிக் கேட்ட ஒவ்வொரு முறையும் “மீன்தான் சார்” என்று சொல்லி, பதிவேட்டிலும் மீன்கூட்டம் என்றே எழுதியவன் அவன். இதே எதிரொலி எத்தனையோ தடவை வந்திருக்கிறது என்பது இப்போதுதான் உறைத்தது. இது மீன் இல்லையென்றால் அவையும் மீன் இல்லை.

“கரையில மேளமெல்லாம் ரெடியா நிக்குது. சட்டுனு சொல்லுப்பா.”

“ஒரு நிமிஷம் சார்.”

சவரிராயன் தன் கருவி அனுப்பும் ஒலியை நிறுத்தினான். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். வெறும் தண்ணீர்ச் சத்தம். பிறகு கீழேயிருந்து, ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்பதுபோல, அவன் கருவியின் அதே ஒலி ஒரே ஒருமுறை வந்தது.

“சவரி?” என்றார் கேப்டன்.

இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.