எதிர் நாற்காலி

"இந்த ரூம்லயாம்மா உட்கார்ந்திருக்க? பேய் இருக்குது!" என்றார் கூட்டிப் பெருக்கும் பெரியவர். "புதன்கிழமை சாயங்காலமானா ஒரு பொண்ணு காலி நாற்காலியைப் பார்த்துத் தனியாப் பேசுது. என் காதால கேட்டேன்."

"வந்தா நீங்க விசாரிச்சதா சொல்றேன் தாத்தா" என்று சிரித்தாள் மூன்றாமாண்டு மாணவி. ஆனாலும் அவர் போனதும் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள்.

மேசையில் பதிவேடு, பக்கத்தில் மூன்று பேனாக்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சீனியர் துணை. வாரம் ஒரு சந்திப்பு, பிள்ளையின் கையெழுத்து ஒன்று. பத்துச் சேர்ந்தால் சீனியருக்குச் சான்றிதழ். சந்திக்கப் புதன்கிழமை சாயங்காலம் இந்த அறை என்றுதான் அறிவிப்பு. எல்லாரும் கேன்டீனிலேயே முடித்துக்கொண்டார்கள்.

அவளுக்கு ஒதுக்கியிருந்த நாற்பத்தேழாம் எண்ணுக்குப் பத்தும் நிறைந்திருந்தன. ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. கடைசிக் கையெழுத்தில் மை இன்னும் காயவில்லை.

ஊதிவிட்டு நிமிர்ந்தாள். எதிர் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வந்த சத்தமே இல்லை.

"யா... யாரு நீ?"

"ஃபர்ஸ்ட் இயர்க்கா. செருப்பு அறுந்துடுச்சு, கையில எடுத்துட்டு வந்தேன்."

போன உயிர் திரும்பி வந்தது. "நீதான் அந்தப் பேயா? யார்கிட்டடி பேசுவ?"

"துணைக்கு ஒரு அக்கா வருவாங்கன்னு சொன்னாங்க. வந்தா என்ன கேக்கணும்னு பேசிப் பேசிப் பார்த்துப்பேன். லேப்ல எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியலக்கா." கையிலிருந்த தாளை நீவினாள். "பத்து வாரமாச்சு. ஊருக்கே போயிடறேன்னு டி.சி.க்கு எழுதிட்டேன்."

"அடி பைத்தியமே! வேற யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?"

"யார்கிட்டக் கேக்கணும்னு கேக்கத்தானேக்கா அந்த அக்கா?"

சீனியருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்படியும் ஒருத்தி இருப்பாளா? அந்தத் தாளைக் கொண்டா இங்க." வாங்கிக் கிழித்தாள். வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தாள். "அவ மேல நானே புகார் எழுதறேன். உனக்கு வேற ஆளு போடுவாங்க, நீ எங்கயும் போகவேணாம். சொல்லு, உன் நம்பர் என்ன?"

"நாப்பத்தேழுக்கா."