சுண்ணாம்புக் கோட்டு வீடு

"அண்ணே, நீங்க இப்ப எங்க பாத்ரூம்ல நிக்கிறீங்க."

மதிவாணன் சொன்னதும் சாகுல் ஹமீது பதறிப்போய்க் குனிந்து பார்த்தார். காலுக்குக் கீழே வெறும் மண். அதில் ஒரு சுண்ணாம்புக் கோடு.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து மைன்ஸிலிருந்து வந்த மனிதர். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் குடும்பத்தோடு மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, என்ன ஏதென்று விசாரிக்க வந்திருந்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மரியாதையாகத் திரும்பினார். திரும்பிய வேகத்தில் படுக்கையறைச் சுவரைத் தாண்டி வெளியே போனார்.

எதிரே மொட்டைமாடியில் செல்போனும் கையுமாக நின்றிருந்த இசைப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள்.

மதிவாணனின் ஒரே மகள். வெளியூரில் ஒரு கலை, வடிவமைப்புக் கல்லூரியில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். அங்கே எல்லாமே ஒரு தினுசு. வீட்டைக் காகிதத்தில் வரைந்தால் போதாதாம். முழு அளவில் தரையில் கோடு போட்டு, அதில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்துக் காட்ட வேண்டுமாம். வருகிறவர்களிடம் இது வாசல், இது சுவர் என்று யாரும் சொல்லக் கூடாது. வீடே வழி சொல்ல வேண்டும்.

ஒரே ஒருத்தராவது வழி கேட்காமல், சுவரை மிதிக்காமல் வந்து போனால் பாஸ். இல்லாவிட்டால் இந்த வருஷத்தை மறுபடியும் படிக்க வேண்டியதுதான். போன தடவை கல்லூரி மைதானத்தில் போட்ட வீட்டுக்குக் குறுக்கே ஃபுட்பால் டீமே ஓடிவிட்டது. இது கடைசி வாய்ப்பு. பேராசிரியை வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல் கீழ் என்ற பேதமே நுழைய முடியாத வீடு என்று அவள் வரைபடத்துக்கு விளக்கம் எழுதியிருந்தாள். அதில் மதிவாணனுக்கு ஏகப் பெருமை. யூனியன் கூட்டங்களில் சமத்துவம் பேசியே தொண்டை கட்டிப்போனவர் அவர். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, காலையிலேயே ஹாலில் ஈஸிசேரைப் போட்டுப் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார். அம்மா சமையலறையில் முக்காலி போட்டு பீன்ஸ் நறுக்கினாள். மத்தியானச் சாப்பாடும் அங்கேயேதான். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் பெற்ற மகள் கட்டிய வீடாயிற்றே, கூரை இல்லை என்று குறை சொல்ல இருவருக்கும் மனசு வரவில்லை.

வீடு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. வந்தவர்கள்தான் சரியில்லை.

சாகுல் போய்ச் சொன்னதைக் கேட்டு அவர் மனைவி தாஜ் பீவி ஒரு தூக்குப் பாயசத்தோடு வந்தார். சுவர் வழியாக ஹாலுக்குள் நுழைந்தார். அலமாரிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீடு நல்ல காற்றோட்டமாக இருக்கிறது என்று மனசாரப் பாராட்டினார். அவர் பின்னாலேயே ஒரு மாடு வந்தது. நேரே படுக்கையறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்காவது விஷயம் புரிந்ததே என்று இசைப்பிரியா ஆசையாக போனைத் திருப்பிக் காட்டினாள். அதுவும் சுவரை மிதித்துத்தான் வந்தது, கணக்கில் சேராது என்று பேராசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

வெயில் சாய ஆரம்பித்தது. இசைப்பிரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடப் படிப்பவர்கள் எல்லாரும் அடுத்த வருஷத்துக்குப் போய்விடுவார்கள். அவள் மட்டும் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடியும் கோடு போட வேண்டும்.

அப்போதுதான் தனகோட்டி வந்தார்.

பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து வந்து இந்த வரிசை வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பெருக்கிவிட்டுப் போகிறவர். இசைப்பிரியா தவழ்ந்த காலத்திலிருந்தே அவர்கள் வீட்டில் வேலை. குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கவே, பாத்திரங்களைத் தேடி மைதானத்துக்கே வந்துவிட்டார். பரீட்சை, படிப்பு எதுவும் அவருக்குத் தெரியாது.

நேரே நடந்தால் முன்வாசல். தனகோட்டி அங்கே வந்து நின்றார். கோட்டைப் பார்த்தார். ஈஸிசேரில் சாய்ந்திருந்த மதிவாணனைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோட்டை ஒட்டியே வீட்டைச் சுற்றி நடந்தார். ஓர் இடத்திலும் மிதிக்கவில்லை.

சமையலறைக்குப் பின்னால், ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கோட்டில் இடைவெளி விட்டிருந்தது. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். எச்சில் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு வந்த வழியே வெளியே வந்தார். பக்கெட் தண்ணீரை வைத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தார். அம்மா டீ நீட்டியபோதுகூட கோட்டுக்கு வெளியே நின்றுதான் வாங்கிக்கொண்டார்.

"பிரமாதம்," என்று போனுக்குள் பேராசிரியை கைதட்டினார். "உன் வீட்டைப் படிக்கத் தெரிஞ்சவங்க இவங்க ஒருத்தர்தான். நீ பாஸ்."

இசைப்பிரியா மாடிப்படிகளைத் தாண்டித் தாண்டி ஓடிவந்தாள். தான் போட்ட சுவர்களையெல்லாம் தானே மிதித்துக்கொண்டு போய்த் தனகோட்டியைக் கட்டிக்கொண்டாள். ஹாலில் மதிவாணன் எழுந்து நின்று கைதட்டினார்.

"எப்படிக்கா? காலையிலேர்ந்து ஒருத்தருக்கும் புரியல. யாரையும் ஒரு வார்த்தை கேக்காம உங்களுக்கு மட்டும் எப்படி வழி தெரிஞ்சுது?"

தனகோட்டிக்கு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்றே விளங்கவில்லை. சோப்பு நுரை பாப்பாவின் உடுப்பில் பட்டுவிடாமல் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தார்.

"இதுல கேக்கறதுக்கு என்னா பாப்பா இருக்குது? உங்க அப்பா வூட்டுக்கு இத்தினி வருசமா வந்துகினு போய்கினுதான இருக்கறேன். நீ கட்டற வூட்டுலயும் மறக்காம பின்னால ஒரு வழி வுட்டிருக்கற. அது யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?"