புரட்டாத பக்கம்

பியானோ கலைஞர் எட்வின் அருள்ராஜ் ரசிகர்களை மனிதர்களாக மதித்து இருபது வருஷமாகிவிட்டது. அப்போது ஒரு கச்சேரியில் கவனம் பிசகி நான்கு வரிகளை விட்டுவிட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை, எழுந்து நின்று கைதட்டித் தொலைத்தார்கள். அதன்பின் வேண்டுமென்றே விட்டார். முதலில் அரைப் பக்கம், பிறகு கடினமான பக்கங்கள் எல்லாமே. பத்திரிகைகள் அவருடைய சிக்கனத்தைப் புகழ்ந்தன. ‘செவிட்டு ஜென்மங்கள்’ என்று மனதுக்குள் திட்டியபடியே ஒவ்வொரு மேடையிலும் குனிந்து வணங்கினார்.

இன்று, மேடையில் பக்கத்தில் நின்று இசைத்தாளைப் புரட்டும் வழக்கமான ஆளுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக, சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் ஹெப்சிபாவை அனுப்பியிருந்தார்கள். அவளுடைய ரப்பர் செருப்பைப் பார்த்து முகம் சுளித்தவர், “நான் தலையாட்டுனா புரட்டும்மா. அதுக்கு மேல யோசிக்காத” என்றார்.

கச்சேரியில் கடினமான மூன்றாம் பக்கம் வந்ததும், வாசிக்காமலே தலையாட்டினார். அவள் அசையவில்லை. மறுபடியும் வெடுக்கென்று ஆட்டினார். அவள் குனிந்து, “இந்தப் பக்கத்த இன்னும் வாசிக்கலையே சார்” என்றாள்.

அவர் கைகள் அந்தரத்தில் நின்றன. தாளில் எறும்புக் கூட்டமாக மொய்த்த சுரங்களில் ஒன்றுகூட விரலுக்கு ஞாபகமில்லை. அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அதையும் இசையென்றே எண்ணி முன்வரிசையில் யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைதட்டல் எழுந்தது. அரங்கமே எழுந்து நின்றது. பழக்கதோஷத்தில் அவரும் வணங்க எழுந்தார்.

ஹெப்சிபா மட்டும் கைதட்டவில்லை. அந்தப் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தபடி, அவர் உட்காருவதற்காகக் காத்திருந்தாள்.